ஐந்து வாய், ஒரு நாக்கு

பொய் ஒன்றை ஒருவன் வந்து சொன்னால் அவனை ஏற இறங்கப் பார்க்கிறோம். இவன் யார், எந்த ஊரான், இதைச் சொல்வதில் இவனுக்கு என்ன லாபம் என்று மனம் கேட்கிறது. அதே பொய்யைப் பத்துப் பேர் பத்துத் திசையிலிருந்து வந்து சொன்னாலோ, மனம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. நெருப்பில்லாமல் புகையுமா என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆகவே, பொய்யை விற்றுப் பிழைப்பவர்கள் முதலில் தேடுவது நல்ல பொய்யை அன்று, பத்து வாய்களைத்தான். இக்காலத்தில் அந்த வாய்கள் இணையதளங்களாக இருக்கின்றன. ஓர் ஆள் ஓர் அறையில் அமர்ந்துகொண்டு பத்துப் பெயர்களில் பத்துச் செய்தித் தளங்களை நடத்தலாம், செலவும் அதிகமில்லை. படிப்பவர் கண்ணுக்கு அவை பத்துப் பத்திரிகைகள். நடத்துகிறவருக்கோ ஒரே கடை, பத்துப் பெயர்ப்பலகைகள்.

அந்தப் பலகைகளுக்குப் பின்னாலுள்ள ஒரே கடையைக் கண்டுபிடிப்பது எப்படி, அவ்வாறு கண்டுபிடித்தவர்கள் யார், அதனால் நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு ஆகும் நன்மை யாது என்பவற்றைப் பற்றி நாம் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியதும் ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதி, இன்று நாகபுரியில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கிறோம். கணினி வித்தை நமக்குத் தொழில் அன்று. ஆயினும் பார்சல் மேஜை நமக்கு ஒரு பாடம் கற்றுத் தந்திருக்கிறது. பெயர் என்பது எவரும் எழுதக்கூடியது. பழக்கம் என்பது எளிதில் மறைக்கக் கூடியதன்று.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஐந்து மூட்டைகள் எம் மேஜைக்கு வந்தன. அனுப்புகிறவர்கள் ஐந்து பேர், ஐந்து விலாசம், படிவம் ஐந்திலும் ‘பழைய துணி’ என்று எழுதியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றமில்லை. ஐந்து படிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் ‘க’ என்னும் ஹிந்தி எழுத்தின் வால் ஒரேவிதமாக வளைந்திருந்தது. மூட்டைகளைத் தைத்த நூலும் ஒரே நீலம். முடிச்சும் ஒரே முடிச்சு. மேற்பார்வையாளரிடம் சொன்னோம். ரயில்வே பாதுகாப்புப் படையினர் முன்னிலையில் பிரித்தார்கள். உள்ளே இருந்தவை பட்டாசுகள்! ஓடும் வண்டியில் அவை பற்றிக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? மூட்டையை முகர்ந்து பார்த்தோ எடையை நிறுத்தோ நாம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஐந்து பேர் உண்மையில் ஒருவரே என்பது தெரிந்தது. அதன்பின் மற்றவை தாமே வெளிவந்தன.

இணையத்தில் பொய்த் தளங்களின் உறவைக் கண்டுபிடிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே என்பதை 2023 மார்ச்சு மாதத்தில் அறிந்துகொண்டோம்.

அந்த மாதத் தொடக்கத்தில் எழுந்த வதந்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களெங்கும் வீடியோப் படங்கள் பரவின. பீகார்ச் சட்டசபையிலேயே அது பேசப்பட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் உடனே மறுப்பு வெளியிட்டார். பரவிய படங்களுள் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை என்றும், மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்றும், இரண்டுக்கும் சொல்லப்படும் காரணத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் அவர் விளக்கினார். பீகார் அரசும் அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி விசாரித்தது. ஆயினும் மறுப்பு நடந்துபோகிறது. வதந்தி ரயிலில் போகிறது.

இது வெறும் உவமை அன்று. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தார் தாக்கப்படப் போகிறார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்தியாகப் பரவியபோது, பெங்களூரிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சில நாள்களுக்குள் குவஹாத்தி வண்டிகளில் ஏறினார்கள். ரயில்வே தனி வண்டிகள் விடவேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் குறுஞ்செய்தியை மொத்தமாக அனுப்பக் கூடாதென்று மத்திய அரசு பதினைந்து நாள்களுக்குத் தடை விதித்தது. கைவேலையையும் கூலிப் பாக்கியையும் விட்டுவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நிற்க. எம்முடன் வேலை பார்க்கும் பீகார் நண்பர் ஒருவர் உண்டு. பத்து வருஷப் பழக்கம். எம்மை ‘அண்ணா’ என்றே அழைப்பார். அவருடைய தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் வேலையில் இருந்தார். வதந்தி பரவிய மறுநாள் நண்பர் கைப்பேசியை எம்முன் நீட்டினார். “அண்ணா, பாருங்கள். ஒன்றல்ல, ஐந்து பத்திரிகை எழுதியிருக்கிறது. ஒன்று பொய் சொல்லலாம். ஐந்தும் பொய் சொல்லுமா? அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தம்பியை உடனே கிளம்பி வரச் சொல்லப்போகிறேன்” என்றார்.

அப்படியெல்லாம் இராது என்று நாம் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் முகம் பேசிற்று. நாம் தமிழர், வேறு எப்படிச் சொல்வோம்? அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வழக்கமாக எம் மேஜைக்கு வரும் இருவர் வரவில்லை. பிழைக்க வந்த ஊரில் பத்து வருஷச் சிநேகம் இரண்டு நாளில் கரைவதைக் காண்பது எவ்வளவு கசப்பு என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. இருதரப்பும் வெளியூரில் இருப்பவர்கள். அவருடைய தம்பி எம் நாட்டில். நாம் அவர்கள் பக்கத்தில். இடையில் ஐந்து தளங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க வாசகசாலையில் இருக்கும் கணினியில் அவ்வைந்து தளங்களையும் திறந்து வைத்தோம். நண்பரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம். சங்கத்து அன்பர் ஒருவரின் மகன், பொறியியல் கல்லூரி மாணவன், உதவிக்கு வந்தான். “மாமா, செய்தியை முதலில் பார்க்காதீர்கள், தளத்தைப் பாருங்கள்” என்றான் அந்தப் பிள்ளை. நாம் பார்சல் மேஜையில் கற்ற பாடமும் அதுவே அன்றோ?

முதலில் ஐந்து கட்டுரைகளையும் அருகருகே வைத்தோம். மூன்றில் வாக்கியங்கள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. அம்மூன்றும் திருப்பூரை ‘திரிபுரா’ என்று எழுதியிருந்தன. திருப்பூரில் நின்று எழுதியவன் அந்த ஊரை வடகிழக்கு மாநிலமாக்குவானா? மூன்று நிருபர்கள் தனித்தனியே போய்ப் பார்த்திருந்தால் மூவருக்கும் ஒரே பிழை வருமா?

இரண்டாவதாக, ஒவ்வொரு தளத்தின் மூலப் பக்கத்தையும் அந்தப் பிள்ளை திறந்து காட்டினான். இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் அடியில், சட்டையின் உள்தையல் போல, கணினிக்கான எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. தளம் நடத்துகிறவர் விளம்பர வருமானம் பெற வேண்டுமானால், விளம்பரம் தரும் நிறுவனம் தமக்குக் கொடுத்த கணக்கு எண்ணை அங்கே பதித்திருக்க வேண்டும். எத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று எண்ணுவதற்கும் அதுபோலவே ஓர் எண் உண்டு. அம்மூன்று தளங்களிலும் விளம்பர எண் ஒன்றே!

மூன்றாவதாக, தளங்களின் பெயர்கள் எப்போது பதிவு செய்யப்பட்டன என்று பார்த்தோம். வீட்டுமனைக்குப் பதிவு இருப்பது போலத் தளத்தின் பெயருக்கும் பதிவு உண்டு. மூன்றில் இரண்டு, முந்திய நவம்பரில் ஒரே நாளில் பதிவானவை. ‘நாட்டின் நம்பகமான குரல்’ என்று முகப்பில் போட்டுக்கொண்ட பத்திரிகைக்கு வயது நான்கு மாதம்!

எஞ்சிய இரண்டு தளங்களுக்கும் இம்மூன்றுக்கும் பொதுவான எண் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அவையும் அதே ஆளுடையவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டின் அடியிலும் ‘நன்றி’ என்று போட்டு அம்மூன்றில் ஒன்றின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார்கள். அதாவது அவர்கள் எதையும் நேரில் விசாரிக்கவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொன்னார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐந்து சாட்சிகள் ஒரே சாட்சியாகச் சுருங்கினர். அந்தச் சாட்சிக்கோ ஊர்ப்பெயரே சரியாகத் தெரியவில்லை.

நண்பர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பிக்குப் போன் செய்தார். தம்பி, தாம் வேலையில் இருப்பதாகவும், ஹோலிக்கு முன்பே எடுத்த டிக்கெட்டில் வந்து போவதாகவும் சொன்னார். அவ்வாறே வந்தார், பண்டிகை முடிந்து திருப்பூருக்கே திரும்பினார். மறுநாள் ஆபீஸில், “ஐந்து இல்லையப்பா, ஒன்றுதான்” என்று நண்பர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நாம் காதால் கேட்டோம். நாம் நூறு முறை மறுத்திருந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஈடாகாது. மறுப்பு என்பது சொல்லுக்கு எதிர்ச்சொல். எந்தச் சொல்லை நம்புவது என்பதில் மனிதன் தன் இனத்தின் பக்கம் சாய்கிறான். சாட்சிகளின் எண்ணிக்கை பொய் என்று காட்டுவதோ கணக்கு. கணக்குக்கு இனமில்லை.

இந்த வழியை உலகில் பலர் நமக்கு முன்பே நடந்து காட்டியிருக்கிறார்கள். வருகையாளரை எண்ணும் கூகுள் எண்ணைக் கொண்டு, பெயரை மறைத்து எழுதுகிறவரின் மற்றத் தளங்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆண்டி பாயோ என்ற அமெரிக்கர் 2011-இல் எழுதினார். 2015-இல் லாரன்ஸ் அலெக்ஸாண்டர் என்ற ஆராய்ச்சியாளர் அதே நூலைப் பிடித்து, ரஷ்ய அரசுக்குச் சார்பாக எழுதிய பல தளங்கள் ஒரே கணக்கின் கீழ் இருப்பதைக் கண்டார். அந்த நூல், பீட்டர்ஸ்பர்க் நகரில் கூலிக்குக் கருத்து எழுதும் நிறுவனம் ஒன்றின் ஊழியர் பட்டியலாகக் கசிந்த தாளில் பெயர் இருந்த ஒருவரிடம் போய் முடிந்தது.

2016-இல் அமெரிக்கத் தேர்தலின்போது வேறொரு விந்தை வெளிவந்தது. அமெரிக்க அரசியலைப் பற்றிப் பரபரப்பாக எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட தளங்கள், மாசிடோனியா நாட்டில் வேலெஸ் என்னும் சிறு நகரத்திலிருந்து நடத்தப்பட்டன என்று பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தார்கள். நடத்தியவர்களில் பலர் வாலிபர்கள். அவர்களுக்கு அமெரிக்க அரசியலில் கட்சியுமில்லை, கொள்கையுமில்லை. விளம்பரக் காசுதான் குறி. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. பொய்க்குப் பின்னால் எப்போதும் பெரிய சதி இருக்க வேண்டுமென்பதில்லை. சில வேளை வெறும் வயிற்றுப்பிழைப்பே இருக்கும். ஆனால் கேட்டு நடுங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் நாட்டைத் தொட்ட கதையும் ஒன்று உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள ‘ஈ.யூ. டிஸின்ஃபோலேப்’ என்ற ஆராய்ச்சிக் குழு, 65-க்கும் மேற்பட்ட நாடுகளின் உள்ளூர்ப் பத்திரிகைகள் போல வேடமிட்ட 265 தளங்களை 2019-இல் பட்டியலிட்டது. அவற்றுள் பல, என்றோ நின்றுபோன பத்திரிகைகளின் பெயர்களைத் தாங்கியிருந்தன. 2020 டிசம்பரில் அக்குழு வெளியிட்ட அறிக்கையில் அந்த எண்ணிக்கை 750-ஐத் தாண்டிற்று. பதினைந்து ஆண்டுகளாக இது நடந்துவருகிறது என்றார்கள். 2006-இல் காலமான லூயி ஸோன் என்ற சட்டப் பேராசிரியரின் பெயரை, 2007-இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்துக்கு வந்தவராகப் பயன்படுத்தியிருப்பதும் வெளியாயிற்று. நூல் தில்லியிலுள்ள ஒரு வணிகக் குழுமத்தில் முடிகிறது என்று அறிக்கை கூறிற்று. இந்தியா அத்தகைய பிரசாரத்தில் ஈடுபடுவதில்லை என்று நம் வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. அத்தளங்களின் நோக்கம் பாகிஸ்தானுக்கு எதிராகப் பேசுவது. நமக்குப் பிடித்ததைச் சொல்லும் வாய்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே குறித்தோம். பிரெஞ்சு அரசின் ‘விஜினம்’ என்ற அமைப்பும் 2024 பிப்ரவரியில், ஒரே அமைப்பும் ஒரே சரக்கும் கொண்ட 193 ரஷ்யச் சார்புத் தளங்களை வெளிப்படுத்தியது.

இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஏன் தடயத்தை விட்டுவைக்கிறார்கள் என்று கேட்கலாம். காரணம் எளிது. பெயரை மாற்றலாம், முகப்பை மாற்றலாம். ஆனால் பத்துக் கடையின் காசும் ஒரே பெட்டிக்கு வரவேண்டுமானால் வாய்க்கால் ஒன்றாகத்தான் இருக்கும். சோம்பலும் ஒரு காரணம். ஒரு தளத்துக்குச் செய்த வேலையை நகலெடுத்துப் பத்துக்கும் ஒட்டுகிறார்கள். பிழையும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. பின்னர் அழித்தாலும் பயன் சிறிதே. 1996-இல் தொடங்கப்பட்ட ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்ற நிறுவனம் இணையப் பக்கங்களின் பழைய உருவங்களைச் சேமித்து வைக்கிறது. இன்று நீக்கிய எண் அங்கே இருக்கக்கூடும்.

ஆயினும் இந்தக் கத்தி இருபுறமும் கூரியது. அதைப் பிடிக்கும் முன் சில எச்சரிக்கைகள் அவசியம்.

ஒரே கணினி முகவரியில் இரண்டு தளங்கள் இருப்பதனால் மட்டும் அவை உறவினர் ஆகா. வாடகைக் குடித்தனம் போல, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே முகவரியில் குடியிருப்பது வழக்கம். ஒரே தோற்றம் இருப்பதும் சாட்சியாகாது. ஆயத்தச் சட்டை போலத் தளத்தின் ஆயத்த அமைப்புகள் கடையில் கிடைக்கின்றன. ஒருவருடைய பக்கத்தை இன்னொருவர் அப்படியே திருடி ஒட்டும்போது, நிரபராதியின் எண்ணும் கூடவே போய்விடுவதுண்டு. பதிவுப் புத்தகத்தில் உரியவரின் பெயர் 2018-க்குப் பின் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. ஐரோப்பிய நாடுகளின் தனியுரிமைச் சட்டம் அதற்குக் காரணம். வருகையாளரை எண்ணும் பழைய வகைக் கூகுள் எண்ணும் 2023 ஜூலையில் வழக்கொழிந்தது. இப்போது வேறு வகை எண் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ஒரு தடயத்தை மட்டும் கொண்டு எவரையும் குற்றவாளியாக்கலாகாது. வால் வளைந்த எழுத்தும், நீல நூலும், முடிச்சும் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே மூட்டையைப் பிரித்தோம் என்பதை நினைவில் கொள்க.

இன்னொன்று. உறவு இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. பெரிய பத்திரிகை நிறுவனம் பத்து ஊரில் பத்துப் பதிப்பு நடத்தும். எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும். அதில் தவறில்லை, ஏனெனில் தம் பெயரை அவர்கள் வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். உறவை மறைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாதவர் போல நடித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மேற்கோள் காட்டுவதே ஏமாற்று.

நம்மைப் போன்றவர்களுக்கு இது வேடிக்கைக் கல்வி அன்று. சொந்த ஊரில் இருப்பவன் வதந்தியைக் கேட்டால் தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவனுக்கு அது முடியாது. ஊரைப் பற்றி அவன் அறிவதெல்லாம் பிறர் வாயிலாகத்தான். எனவே வாய் எத்தனை என்று எண்ணத் தெரிந்திருப்பது அவனுக்குக் கண்ணைப் போன்றது. இன்று தமிழ்நாட்டைப் பற்றிய பொய்யால் இங்கே நாம் தலைகுனிகிறோம். நாளை இந்த ஊரைப் பற்றிய பொய்யால் அங்கே நம் பெற்றோர் தூக்கமின்றித் தவிப்பர். இரண்டும் நிகழக்கூடியவையே.

ஆதலால் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சமூட்டும் செய்தி வந்தால், அதைப் படமெடுத்துக் குழுவில் அனுப்பாமல், தளத்தின் முழு முகவரியையும், கண்ட நாளையும் நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். படத்தில் உள்தையல் தெரியாது. முகவரி இருந்தால் தேடலாம். அனுப்பியவரிடம், “இது உண்மையா?” என்று கேட்டுச் சண்டை வளர்க்க வேண்டாம். “இதைச் சொல்கிறவர்கள் உண்மையில் எத்தனை பேர்?” என்று மட்டும் கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம் அவர்களை வாசகசாலைக்கு அனுப்பிவைத்தால், வயதானவர்களுக்கும் இந்த முறையைக் கற்றுக்கொடுக்கலாம். கணினிக்கு முன் அமரும் அந்த நேரத்தில் பிற மொழி பேசும் அண்டை வீட்டார் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். நாம் தனியே கண்டுபிடித்துச் சொல்வதைக் காட்டிலும், அவரும் நாமும் சேர்ந்து எண்ணிய எண்ணிக்கைக்கே மதிப்பு அதிகம்.